இட்டோ கேட்டு வாங்கிய கேள்வி

அகாதீர் துறைமுகத்து மீன் ஆலையில் மத்தியின் தலையைக் கிள்ளி டப்பாவில் அடுக்குவது இட்டோவுக்கு இருபது வருஷத்து வேலை. கணவன் செத்தபோது விட்டுப்போன சொத்து எச்.ஐ.வி. ஒன்றுதான். மாத்திரை ஒழுங்காகக் கிடைக்கிறது. உடம்பும் சொன்ன பேச்சைக் கேட்கிறது.

மூன்று வருஷத்துக்கு முன், உலகத்துக்கான எய்ட்ஸ் கொள்கையைத் திருத்தி எழுதக் காசாபிளாங்காவில் ஒரு கூட்டம். நோயாளிகள் சங்கத்தின் சார்பில் இட்டோ போனாள். மருந்து விலை, பரிசோதனைக் கருவி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினாள். தங்கை தமூ வீட்டில் ஒரே மண்தாலத்தைச் சுற்றி ஏழு பேர் உட்கார்ந்து கோதுமை ரவைக் கூஸ்கூஸை உருட்டிச் சாப்பிடுவார்கள். இட்டோவுக்கு மட்டும் தனித் தட்டு. இது எந்தக் கணக்கில் வரும் என்று ஒரு நிபுணர் சிரித்தபடி கேட்டார்.

"மாத்திரை தின்னியான்னு மாசாமாசம் கேக்குறீங்க. யாரோட உக்காந்து தின்னேன்னு ஒருத்தரும் கேக்கலையே ஐயா."

மற்ற நாட்டுச் சங்கத்தார் அதைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு வருஷம் கடிதத்துக்கு மேல் கடிதம். கடைசியில் பல நாடுகளில் எடுக்கும் கணக்கெடுப்பில் பதினேழாவது கேள்வியாக அது ஏறியது.

இந்த வியாழக்கிழமை அந்தத் தாள் அகாதீருக்கே வந்தது. சங்கத்து மஹ்ஃபூத், அவனும் மாத்திரைக்காரன்தான், எதிரே உட்கார்ந்து வாசித்தான். வீட்டில் உங்களுக்குத் தனியாகச் சாப்பாடு போடுகிறார்களா?

இட்டோ அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்க பெத்த கேள்வி, அம்மா. நீங்களே முழிச்சா ஊர்ல எவ பதில் சொல்லுவா?"

"பெரிய கறித்துண்டு எனக்குத்தான் வைப்பா தமூ. கெட்டவ இல்ல."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையே."

பேர் எழுத வேண்டாமே என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, ஆமான்னு போடு என்றாள். குறி போட்டபடியே, தமூவிடம் இதை எப்போதாவது கேட்டதுண்டா என்று அவன் விசாரித்தான். கேட்டதில்லை. மண்டபம் நிறைந்த அந்நியர் முன்னால் நடுங்காத நாக்கு அது.

மறுநாள் கேட்டுவிடுவது என்றுதான் தமூ வீட்டுக்குப் போனாள். தொழுகை முடிந்து பிள்ளைகள் தாலத்தைச் சுற்றி நெருக்கியடித்தார்கள். முழங்கையோடு முழங்கை இடித்தது. ஒருவன் பக்கம் இருந்த பூசணித் துண்டை இன்னொருத்தி திருடினாள். அந்த நெரிசலுக்குள் ஒரு கை நுழையும் இடம் போதும் இட்டோவுக்கு.

"தமூ."

"என்னக்கா?"

கரண்டியோடு நின்ற தங்கையின் முகத்தில் அப்படியொரு பிரியம். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து."

தமூ தாலத்தில் ஊற்றிவிட்டு, அதே கரண்டியால் அக்காவின் தனித் தட்டிலும் ஊற்றினாள்.