வெள்ளை சாக்ஸ்

கால்ஃப் ஆடிவிட்டு வந்த மகன், ஈரமான வெள்ளை சாக்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "கறையிருந்தா கிளப்புக்குள்ள விடமாட்டாங்கம்மா." அந்த வாடை எனக்குப் பழகினது.

எண்பதுகளில் ஏற்காட்டில் அப்பா எஸ்டேட் மேனேஜர். ஒரு மழைநாளில், காபிச் செடிகளுக்குள் விழுந்த கால்ஃப் பந்தைத் தேடிவிட்டு, அட்டை கடித்த காலோடு கிளப் வராந்தாவில் ஏறினார். நானும் கூட இருந்தேன்.

"சாக்ஸெல்லாம் ரத்தமுங்க. மாத்திட்டு வாங்க" என்றார் செயலாளர். அவருடைய நாய் சேற்றுக்காலோடு சோபாவில் படுத்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க" என்று அப்பா இறங்கிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அந்த சாக்ஸை அம்மாவின் முகத்தில் விட்டெறிந்தார். "இன்னொரு ஜோடி எடுத்து வெக்கத் துப்பில்ல உனக்கு!"

அம்மா குனிந்து பொறுக்கிக்கொண்டு போய் சோப்புப் போட்டாள்.

மகன் இன்னும் நீட்டிக்கொண்டே நின்றான். வாங்கி அவன் முகத்திலேயே விட்டெறிந்தேன்.

"நீயே தொவச்சுக்க, சாமி."