கப்பலூர்க் கப்பல்

மாமா வேலைக்குப் போன ஊர் கப்பலூர். நாங்கள் குடியிருந்தது ஆனையூர். ஆனையூரில் ஆனை இல்லை என்பதை நானே பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன். கப்பலூரைப் பார்த்ததில்லை. அதனால் அங்கே நிச்சயம் ஒரு கப்பல் இருக்கிறது என்று மூன்றாம் வகுப்புவரை நம்பினேன். மதுரையில் கடல் ஏது என்று யாராவது கேட்டிருந்தால், வைகையில் தண்ணீர் இல்லாமலே பாலம் நிற்கிறதே, கப்பல் நிற்கக் கூடாதா என்று மடக்கியிருப்பேன்.

அந்தக் கப்பலின் உள்ளே எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அம்மாவின் தம்பியான மாமா அப்போது எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். நண்பர் கழித்துப்போட்ட வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கிவந்து டி.வி.யில் மாட்டியிருந்தார். அதில் இருந்த ஒரே விளையாட்டு பேய்க் கப்பல். ஒரு பெண் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு, ஆளில்லாத கப்பலில் தன் தம்பியைத் தேடுவாள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் செத்து எழுந்தவர்கள் காத்திருப்பார்கள்.

மாமா ஒரு ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டு இன்னொன்றை என்னிடம் கொடுத்தார். "நடக்குறது நானு. கதவு உன்னோடது பாப்பா. நீ அமுக்குனாத்தான் திறக்கும்."

அந்தப் பெண் கதவின்முன் மூச்சு வாங்கியபடி நிற்பாள். உள்ளே எதுவோ தரையில் இழுபடும். "அமுக்கிட்டியா?" என்பார் மாமா. நான் 'டிக்' என்று அமுக்குவேன். அவ்வளவு பெரிய இரும்புக் கதவு என் கட்டைவிரலுக்குக் கட்டுப்பட்டு முனகிக்கொண்டே திறக்கும். கோவிலில் திரை விலகும்போதுகூட எனக்கு அப்படிப் புல்லரித்ததில்லை.

பிள்ளை பயந்துவிடும் என்று அம்மா எனக்குத் திருநீறு பூசிய பிறகுதான் ஆட்டம் தொடங்கும். மாமாவும் போகிற போக்கில் நெற்றியைக் காட்டிவிட்டு வருவார்.

காலையில் அவர் டிபன் பாக்ஸோடு பஸ் ஏறினால், அந்தக் கப்பலுக்குத்தான் போகிறார் என்று பஸ் மறையும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு முழுசாகத் திரும்பி வருவார். முந்தின நாள் நான் கதவுகளைச் சரியாகத் திறந்துவிட்டதால்தான் தப்பித்தார் என்பது என் கணக்கு.

அந்த விளையாட்டையே படமாக எடுத்துத் தமிழில் பேசவைத்து மதுரைக்கும் அனுப்பினார்கள். போஸ்டரில் 'கடல் காட்டேரி' என்று போட்டிருந்தது. "இதுல காட்டேரி எங்கிட்டிருந்து வந்துச்சு?" என்று மாமா அப்போதே முகம் சுளித்தார். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு என்னைக் கூட்டிப்போனார்.

எங்கள் டி.வி.யில் முழங்கை நீளம் இருந்த கப்பல், தியேட்டரில் சுவர் முழுக்க வந்து நின்றது. நான் என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன். முதல் கதவு வந்ததும் நாற்காலிக் கையில் கட்டைவிரலை வைத்துத் தயாரானேன். அமுக்குவதற்குள் அந்தப் பெண் கதவை உதைத்துத் திறந்துவிட்டாள். அடுத்த கதவும் அப்படித்தான். அவள் மூச்சு வாங்கவில்லை, காது கொடுத்துக் கேட்கவில்லை. டார்ச் மங்கவில்லை, துப்பாக்கியில் குண்டு தீரவே இல்லை. "அக்கா, பின்னாடி வாராய்ங்க!" என்று பின் வரிசையில் ஒருவர் கத்த, அவள் சரியாக அப்போதே திரும்பினாள். தியேட்டரே சிரித்தது. விளையாட்டில் இல்லாத ஒரு கதாநாயகன் கடைசியில் வந்து கப்பலுக்குத் தீ வைத்தான். அது மூழ்கியது.

நான் ஓவென்று அழுதேன். "மாமா, நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க. கப்பல் முங்கிருச்சு!"

"எந்தக் கப்பலு?"

"கப்பலூர்க் கப்பலு. நான் அமுக்கவே இல்ல, அதுவாத் திறந்துருச்சு."

முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "அதேன் பாப்பா படம் நல்லால்ல. யாரையும் கேக்காமத் திறக்குறாய்ங்க" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் போட்டுக் காட்டினார். கப்பல் மூழ்காமல் இருந்தது. அன்றைக்குத்தான் கப்பலின் அடித்தட்டுக் கதவுவரை போனோம். அதுவரை மாமா அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பிவிடுவார். இந்தத் தடவை என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "நீ அமுக்கு. நான் இருக்கேன்ல" என்றார். அமுக்கினேன். மறுநாள் அவர் கப்பலூர் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்.

பல வருடம் கழித்து வீடு மாறும்போது, கட்டிலுக்குப் பின்னாலிருந்து என் ஜாய்ஸ்டிக்கை அம்மா இழுத்துப் போட்டாள். மாமாவுடையது பெட்டியிலேயே செருகியிருந்தது. என்னுடையதைச் செருகுவதற்குப் பெட்டியில் இடமே இல்லை. இரண்டாவது ஓட்டை மாமா வாங்கிவரும்போதே உடைந்து தூர்ந்துபோயிருந்ததாம். கதவையெல்லாம் தானே திறந்துவிட்டு மாமா என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார் என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. "நீ லீவுக்கு உசிலம்பட்டி போனீன்னா, வார வரைக்கும் அவன் அந்தப் பெட்டியத் தொடவே மாட்டான்" என்றாள்.

அந்த 'டிக்' சத்தத்துக்காகத்தான் அவர் ஒவ்வொரு கதவிலும் காத்திருந்தார். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்தவருக்கு எவ்வளவு பயம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.