சாப்பாட்டுச் சங்கு

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் சங்கக்கா. கோபுரத்து உச்சியில் இருந்த கண்ணாடி அறையில் உட்கார்ந்து, வேலை தொடங்க, சாப்பிட, வீட்டுக்குப் போக என்று வேளை தவறாமல் சங்கின் பொத்தானை அழுத்துவது அவள் வேலை. கட்டியவன் இன்னொருத்தியோடு போய்விட்ட பிறகு, அந்தச் சம்பளத்தில்தான் தம்பியை ஆளாக்கினாள். அவனும் அதே துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான்.

"எங்கக்கா அமுக்கினாதான் இங்க எல்லாருக்கும் பசியே எடுக்கும்" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வான்.

"அப்போ சீக்கிரமா அமுக்கச் சொல்லுடா. உன் டப்பாவைக் காலையிலேயே காலி பண்ணிட்டு எங்க டப்பாவை மோப்பம் புடிக்கிறியே!"

சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், சரக்கு லாரி ஒன்று வாசல் தடுப்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அதிலிருந்து துப்பாக்கிகளோடு குதித்தவர்கள் காவலர்களைச் சுட்டுவிட்டுக் கப்பல்களை நோக்கி ஓடினார்கள். மேலிருந்து பார்த்த சங்கக்கா பொத்தானை அழுத்தினாள்.

சாப்பாட்டுக்குச் சின்னச் சங்கு, ஆபத்துக்கு நீண்ட சங்கு. ஆனால் ஒலி ஒன்றுதான். தொலைவில் இருந்த கிடங்குகளில், சங்கு நிற்காததைக் கவனித்துக் கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கிடங்கிலோ காலையிலிருந்து மூட்டை இறக்கிய களைப்பு. பசித்தவன் எவன் சங்கு முடியும்வரை காத்திருப்பான்? முதல் ஓசையிலேயே கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தார்கள். துப்பாக்கிகளுக்கு நேராக.

தம்பியும் வந்தான்.

துறைமுகம் மறுபடி திறந்தபோது, தப்பித்தவர்கள் கோபுரத்தின் அடியில் நின்று அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நிர்வாகம் பதக்கம் தருவதாக அறிவித்தது. தம்பியையும் பறிகொடுத்துவிட்டு ஊரைக் காப்பாற்றியவள் என்றார்கள். அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் சங்கக்கா அங்கிருந்து நழுவிவிடுவாள்.

தம்பி மனைவியைக் கைக்குழந்தையோடு வந்துவிடும்படி தாய் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "அண்ணியைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றது?" என்று அவள் மறுத்துவந்தாள். உண்மையைச் சொன்னால் இவளும் போய்விடுவாள். பிறகு அந்த வீட்டில் சங்கக்காவுக்கு என்ன இருக்கும்?

விழா நாள் காலை, தம்பி மனைவி சங்கக்காவின் நல்ல புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் தலை வாரலையா அண்ணி? அவரு இருந்திருந்தா முன்வரிசையில உக்காந்து விசிலடிச்சு மானத்தை வாங்கியிருப்பாரு."

"நான் போகலைம்மா."

"ஏன், என்னாச்சு?"

"அவன் வெளிய வந்ததை நான் பாத்தேன். மேல பாத்து எனக்குக் கையாட்டினான். பாத்துக்கிட்டே அமுக்கிட்டிருந்தேன்."

இஸ்திரிப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

"கையை எடுத்தா சங்கு நின்னுடும். சாப்பாடுன்னு நினைச்சு மத்தவங்களும் வந்துருவாங்க. எடுத்தாத்தான் ஜன்னல்கிட்ட போய் அவனைக் கூப்பிட முடியும். நான் எடுக்கலை. ஒரு தடவை கூடக் கூப்பிடலை."

புடவை கருகும் வாடை எழுந்தது. தம்பி மனைவி பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தாள்.

"கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமா?"

"தெரியலைம்மா."

அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளை எடுக்கிறாள். ஐயோ, போகப்போகிறாள்! தடுக்க என்ன உரிமை இருக்கிறது என்று சங்கக்கா கருகிய புடவையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

கதவு திறந்தது. அழுது வீங்கிய முகத்தோடு வந்தவள், தன் புடவை ஒன்றைச் சங்கக்காவின் மடியில் போட்டாள்.

"கட்டிக்கிட்டு வாங்க. பக்கத்துக் கிடங்குல செத்தவங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் அங்க வந்திருப்பாங்க. எங்கிட்ட சொன்னதை அவங்ககிட்டயும் சொல்லுங்க."

"மண்ணை வாரித் தூத்துவாங்கம்மா."

"தூத்தட்டும். பக்கத்துல நான் நிக்கிறேன்."

"கண்ணு, என்னை நீ மன்னிச்சு..."

"அதை மட்டும் கேக்காதீங்க அண்ணி."

சங்கக்கா புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். வாசலில் தம்பி மனைவி பூட்டோடு நின்றாள். சற்று நேரம் நாத்தனாரின் முகத்தையே பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த குழந்தையை அவளிடம் நீட்டினாள்.

"புடிங்க, பூட்டணும்."