படிக்காமல் எறிந்த பெயர்

சுனாமி வந்து மூன்றாவது கிழமை. எங்கள் வீடு கல்லடியில் வாவிப் பக்கம் இருந்ததால் தப்பியது. கடல் பக்கத்தில் வீடு என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு நாள் காலையில் வேலிக்குக் கம்பு தேடி வீட்டுக்குப் பின்னால் கண்டல் மரங்களுக்குள் இறங்கினேன். அங்கே ஒரு ஃபைபர் போட்டின் முன்பாதி செருகிக் கிடந்தது. பின்பாதியைக் காணவில்லை. முன்மூக்கில், அணியத்தில் இருந்த சின்னப் பெட்டி மட்டும் மூடியபடியே இருந்தது. நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரு சொப்பிங் பேக், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. வாயை சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தது. கடலே ஊருக்குள் வந்து போயும் அந்தப் பைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை. கட்டியவன் கெட்டிக்காரன் என்று நினைத்தேன். அவன் என்ன ஆனான் என்று யோசிக்கவில்லை. அந்த நாட்களில் அப்படி யோசிக்கத் தொடங்கினால் எங்களில் ஒருவராலும் எழும்பி நடந்திருக்க முடியாது.

பைக்குள் ஒரு கட்டுக் கடிதங்கள், மூன்று படங்கள், ஒரு அடையாள அட்டை.

எனக்குப் பட்டணத்தில் ஸ்டூடியோ. கடற்கரையில் படம் கண்டெடுத்தவர்கள் எல்லாம் அந்த மாதம் என்னிடம்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். சேற்றோடு ஒட்டிக் கிடந்த படங்களை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றொன்றாக உரித்து, கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பேன். பிறகு கடைக் கண்ணாடிக்குள் ஒட்டுவேன். சொந்தக்காரர்கள் வந்து பார்த்து, அழுது, எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தப் பையையும் அப்படியே சேர்க்கலாம் என்று சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கல்லடிப் பாலத்தில் அன்றைக்கு வரிசை நீளம். வழக்கமாகக் கையை அசைத்து விடுகிற, சென்றியில் காவல் நிற்கிற ஆமிப் பொடியன்கள் அன்று ஒவ்வொரு பையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் என்ன நடக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சமாதான காலம் என்று பெயர்தான். அட்டை இல்லாமல் கடைத்தெருவுக்குக்கூடப் போக முடியாத ஊர் அது. அடுத்தவனுடைய அட்டை உன் கையில் இருந்தால் அதைவிட மோசம். இது யாருடையது, அவன் எங்கே, உனக்கு எப்படிக் கிடைத்தது என்று தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று சொல்ல ஏலாது. அப்படிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அட்டையை உருவி எடுத்தேன். அதில் இருந்த படத்தைப் பார்த்தேன். கோடு போட்ட சேட், கழுத்துப் பித்தான் பூட்டியிருந்தது, ஒரு காது மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. வெளிச்சம் ஒரு பக்கத்தால் மட்டும் விழுந்திருக்கிறது, எடுத்தவனுக்குத் தொழில் தெரியாது என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன். பக்கத்தில் இருந்த பெயரைப் படிக்கவில்லை, பின்பக்கத்து விலாசத்தைப் படிக்கவில்லை. பாலத்துக் கம்பிக்கு இடையால் கையை நீட்டி அட்டையை வாவிக்குள் விட்டேன். என் முறை வந்தபோது சென்றியில் நின்றவன் கூடையை எட்டிக்கூடப் பார்க்காமல் போகச் சொன்னான்.

கடைக்குப் போய், விலாசம் தேடுகிறேன் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு கடிதங்கள் எல்லாவற்றையும் படித்தேன். உறை இல்லை, முத்திரை இல்லை. மீன் லொறியில் கைக்குக் கை கொடுத்து விட்ட கடிதங்கள். மாரியில் முகத்துவாரம் திறந்தால் இறால் அள்ளுப்படும். அதற்காக வடக்கில் இருந்து ஆட்கள் வந்து கரையில் வாடி என்று குடிசை போட்டுத் தங்குவார்கள். இவனும் அப்படி வந்தவன், வாகரைப் பக்கத்து ஆள் என்று கடிதங்களில் தெரிந்தது. மனைவி எழுதியவை. 'அன்புள்ள மச்சானுக்கு' என்று தொடக்கம், 'உங்கட மச்சாள்' என்று முடிவு. இடையில் ஆடு ஈன்றது, கூரை ஒழுகுவது. மகளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாம். அப்பாவுக்குக் காட்டாமல் கூரையில் எறிய விடமாட்டேன் என்று பல்லைக் கைக்குள் பொத்திக்கொண்டே படுக்கிறாளாம். எல்லாக் கடிதத்திலும் அந்த முடிவுக்கு முன் கடைசி வரி ஒன்றுதான்: 'ஐசி கவனம்.' ஐசி என்றால் அடையாள அட்டை.

அந்த வரியைப் பத்து இடத்தில் படித்தேன். பத்து இடத்திலும் என் முகத்தில் அறைந்தது. இருந்தும் வாகரைக்கு நான் போகவில்லை. இந்தக் கிழமை, அடுத்த கிழமை என்று தள்ளினேன். படங்களைக் கண்ணாடிக்குள் ஒட்டினேன்: பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பெண் குழந்தை, அதே குழந்தைக்குக் காது குத்துகிற படம், சேலை கட்டிய பெண் ஒருத்தி அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற படம். ஒருவரும் கேட்டு வரவில்லை. பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. சீருடையில் ஒருவர் கடைக்குள் வந்து, கண்ணாடியில் இருப்பவர்கள் யார் என்று சிங்களத்தில் கேட்டுவிட்டுப் போனார். அவர் தெருவைக் கடக்கு முன்பே எல்லாப் படங்களையும் கழற்றிவிட்டேன். மேசை லாச்சியை இழுத்து இந்தப் பையை உள்ளே தள்ளினேன். வாகரைப் பாதை மூடப்பட்டது. அங்கிருந்த சனம் காட்டாலும் கடலாலும் தப்பி வந்து எங்கள் பக்கத்து முகாம்களில் இருந்தது. அப்போதுகூட ஒவ்வொரு முகாமாகப் போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. பயம் ஒரு பக்கம், சோம்பல் மறுபக்கம். இதில் எது பெரிது என்று இப்போதும் சொல்லத் தெரியாது.

சண்டை முடிந்த வருடம்தான் படங்களைத் திரும்ப ஒட்டினேன். லைசன்ஸுக்குப் படம் எடுக்க வந்த ஒரு மீன் லொறிச் சாரதி கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இந்தப் புள்ளையை எனக்குத் தெரியும். இதுட தகப்பனுக்கு எத்தனை கடதாசி நான் கொண்டந்து குடுத்திருக்கன். உங்களுக்கு எங்கால கிடைச்சது?"

இரண்டு நாள் கழித்து அவருடைய லொறியில் நானும் வாகரைக்குப் போனேன். வழியில்தான் அவர் சொன்னார்: "அந்தப் புள்ளைட தாய் இன்னும் பொட்டை அழிக்கல்ல, அண்ணன். உடம்பு கிடைக்கல்லத்தானே. சுனாமி அண்டைக்கு அவரை ஆசுபத்திரியில கண்டதா ஆரோ சொல்லிப்போட்டாங்க. அதைப் பிடிச்சுக்கொண்டு இடமிடமாத் தேடித் திரியுது. காணாமப் போனவர் எண்டுதான் பதிஞ்சிரிக்கு." மடியில் இருந்த பை திடீரென்று பாரமாகிவிட்டது.

சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. அவள் வாசலுக்கு வந்தாள். படத்தில் இருந்த பெண்தான், ஆனால் பாதி உடம்பு. நெற்றியில் பெரிய பொட்டு. பின்னால் பத்துப் பதினொரு வயதில் மகள். சாரதி விஷயத்தைச் சொல்ல, நான் பையை நீட்டினேன். அவள் வாங்கி நிலத்தில் குந்தி, டியூப் ரப்பரைத் தடவிப் பார்த்தாள். "அவர்ட கட்டு இது" என்றாள். படங்களை மகளிடம் கொடுத்தாள். கடிதங்களை ஒவ்வொன்றாக விரித்து மடியில் வைத்தாள். பையைக் கவிழ்த்து உதறினாள். உள்ளே கையை விட்டுத் துழாவினாள்.

"ஐசி எங்க?"

நான் அவள் கையில் இருந்த வெறும் பையைப் பார்த்தேன்.

"ஐசி இதுக்குள்ளதான் வைப்பார். கடலுக்குள்ள இருந்தா எப்பயும் இதுக்குள்ளதான். கரையில கால் வைக்கக்குள்ளதான் எடுத்துச் சட்டைப் பைக்குள்ள போடுவார்." அவள் முகம் மாறிக்கொண்டு வந்தது. நாற்பது வருடம் முகங்களுக்கு வெளிச்சம் பிடித்தவன் நான், ஒரு முகம் அப்படித் திறந்து நான் கண்டதில்லை. "அப்ப அவர் எடுத்துக்கொண்டு இறங்கிட்டார்! தண்ணி வரக்குள்ள அவர் போட்டுல இல்ல! மகள், கேட்டியா? நான் சொன்னன்தானே!"

மகள் சிரிக்கத் தொடங்கினாள். சாரதி கண்ணைத் துடைத்தார். அடுத்த வீட்டுக்காரி என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க, அவளுக்கும் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு அப்பா உயிரோடு வந்துவிட்டார், கொண்டுவந்து கொடுத்தவன் நான். பேசாமல் ஒரு பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள்.

"நாளைக்கே வவுனியாவுக்குப் போறன்" என்றாள். "அங்க முகாமெல்லாம் ஆயிரக்கணக்கில ஆக்களாம். பூசா சிறைக்கும் போகோணும். ஆட்டை வித்தாச் செலவுக்குக் காணும். மகள், பள்ளிக்கூடத்தை இந்தத் தவணை விடு. நீயும் வா, எனக்குச் சிங்களம் தெரியா."

அதற்கு மேல் என்னால் இருக்க முடியவில்லை.

"தங்கச்சி, ஐசி பைக்குள்ளதான் இருந்தது. நான்தான் எடுத்தன். பாலத்தில சென்றிக்குப் பயந்து வாவிக்குள்ள எறிஞ்சிட்டன்."

சாரதி என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"பொய்" என்றாள். "வீணா அலையாம இருக்கட்டும் எண்டு சொல்றீங்க."

"இல்ல, தங்கச்சி."

"அப்ப பேரைச் சொல்லுங்க."

"பேரைப் படிக்கல்ல. படத்தை மட்டும்தான் பார்த்தன்."

"படத்தில என்ன இருந்தது?"

"கோடு போட்ட சேட். கழுத்துப் பித்தான் பூட்டியிருந்தது. ஒரு காது வெளியால தள்ளிக்கொண்டு..."

"சேட்டு என்ட அண்ணன்ட" என்றாள் மெதுவாக. "படத்துக்கெண்டு இரவல் வாங்கினது."

மகளின் கையில் இருந்து படங்கள் நழுவின. பிள்ளை அழவில்லை. தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. நாலரை வருடம். ஒரு தரம் அந்த அட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால், பத்து எழுத்துப் படித்திருந்தால், சுனாமி வந்து ஒரு மாதத்துக்குள்ளேயே இந்த வீட்டில் செத்த வீடு நடந்து முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக இவளை ஒவ்வொரு வாசலாக அலைய விட்டிருக்கிறேன். எனக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து உள்ளே போக வேண்டும் போல இருந்தது.

அவள் எழும்பி உள்ளே போனாள். என்னை அடிக்க எதையாவது எடுத்து வருவாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். வந்தவளின் கையில் ஒரு கசங்கிய உறை இருந்தது. அதை என் முன்னால் வைத்தாள். உறையில் என் ஸ்டூடியோவின் முத்திரை.

உள்ளே பாஸ்போட் அளவில் ஒரு ஆணின் படம், நாலு பிரதி. மீசை வைத்து, சற்றுப் பருத்து, சிரித்துக்கொண்டிருந்தான். காதைப் பார்த்தேன். அதே காது.

"வீட்டில இருந்த படமெல்லாம் தண்ணியோட போயிட்டு" என்றாள். "சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து வந்து முகாமில இருக்கக்குள்ள உங்கட கடைக்கு வந்தனான். அண்ணன்ட கலியாணப் படத்தில இவர்ட முகத்தை மட்டும் வெட்டித் தரச் சொல்லிக் கேட்டன். போற இடமெல்லாம் குடுக்கிறதுக்கு. நீங்க வாசலுக்கு வந்த உடனே உங்களை எனக்குத் தெரிஞ்சிட்டு."

கடைக்கு வந்த பெண்ணின் முகம் எனக்கு நினைவில் இல்லை, அந்த வேலை நினைவில் இருந்தது. மாப்பிள்ளைத் தோழனின் கை இவன் தோளில் கிடந்தது. அதை அழிக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. அந்த மேசையில்தான் வேலை செய்தேன். அவளும் அந்த மேசையில்தான் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருப்பாள். அவளுடைய கடிதங்கள் எல்லாம் லாச்சிக்குள், அவள் கைக்கு நேர் கீழே கிடந்திருக்கின்றன.

"அண்டைக்கு நீங்க கேட்டீங்க, ஆர் இவர் எண்டு" என்றாள். "காணாமப் போனவர் எண்டு சொல்ல எனக்கும் பயம். ஆர் என்ன நினைப்பாங்களோ. புருசன், வெளிநாட்டில, கட்டார்ல இரிக்கார், அங்க ஒரு வேலைக்குப் படம் அனுப்போணும் எண்டு சொல்லிப்போட்டன்."

"நான் என்ன சொன்னன்?"

"சிரிச்சீங்க. குடுத்து வைச்ச ஆள் நீங்க எண்டு சொன்னீங்க."

படத்தைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

"முகாமுக்குப் போற வழி முழுக்க அதையே நினைச்சுக்கொண்டு போனன், அண்ணன். அண்டைக்கு ஒரு நாள் மட்டும் அவர் உண்மையாவே கட்டார்ல இருந்தார்."