மலைக்குப் போகாத கோடை

புருல்கானுக்கு மாத்திரையைப் பார்த்தாலே குமட்டும். காசநோய்க்கு இது இரண்டாம் சுற்று. போன வருஷம் சளியில் கிருமி இல்லை என்றதுமே, விட்டது சனியன் என்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு மலைமேய்ச்சலுக்கு ஏறிவிட்டாள். கோடை முழுக்கப் புளித்த குதிரைப்பால்தான் மருந்து. நெஞ்சுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று அவள் ஊரான நரின் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கன்னம்கூடச் சிவந்தது. பனி விழுந்ததும் ரத்தமாக இருமினாள். மகள் ஐஜிரெக்கைத் தூக்கக்கூடாது என்றார்கள். பிள்ளை மாமியாரோடு ஒட்டிக்கொண்டது.

தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து நர்ஸ் ஜிபரின் கண்முன்னால் விழுங்க வேண்டும். கையில் கொடுத்து அனுப்புவதில்லை.

இன்று மறுபடியும் கிருமி இல்லை என்று வந்திருக்கிறது. வாசலில் கணவன் ஷேர்காசி மலைக்குக் கிளம்பக் கூடாரக் கழிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு நிற்கிறான்.

"இல்லைன்னுதானே வந்திருக்கு? அப்புறம் எதுக்கு இந்த விஷம்?" என்றாள் புருல்கான்.

"போன தடவையும் அப்படித்தான் வந்துச்சு, அக்கா" என்றாள் ஜிபர். "முன்னாடி ஒரு வருஷம் குளிர்காலத்துல தீவனமே கிடைக்கலியே, அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

"சொந்த ஆட்டையே ஒண்ணொண்ணா அறுத்துத் தின்னுட்டு முடங்கிக் கிடந்தோம். வேறென்ன செய்ய?"

"இந்தக் கிருமியும் அதேதான் செய்யுது. மருந்து நெருக்கினா தன் உடம்புக்குள்ள இருக்கறதையே உடைச்சுத் தின்னுட்டு அசையாமக் கிடக்கும். சளியிலயும் சிக்காது. ஓடியாடுற கிருமியைத்தான் மருந்து கொல்லும். படுத்திருக்கறது எழுந்திரிக்கும்போது மருந்து உள்ள இருக்கணும்."

புருல்கானுக்கு அலுப்பாக வந்தது. தன்னையே தின்று உயிர் பிழைப்பது அவளுக்குத் தெரியாததா? முதலில் பாட்டை விட்டாள். பிறகு அக்கம்பக்கத்துப் பேச்சை. கடைசியில், பிள்ளை அழுதால் திரும்பிப் பார்ப்பதையும் விட்டாள்.

லாரிக்குப் போனாள். இனி தொடலாம் என்று டாக்டரே சொல்லியிருந்தார். மாமியார் மடியிலிருந்த ஐஜிரெக்கை உச்சி முகர்ந்தாள். பிள்ளை அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டது, விடவில்லை.

"ஏறு, ராத்திரி உன் பக்கத்துலயே படுக்கட்டும்" என்றான் ஷேர்காசி.

புருல்கான் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். "நீங்க போங்க."

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் மேல போயிட்ட காலி ஊர்ல தனியா என்ன பண்ணுவே?"

"படுத்துக் கிடப்பேன். உள்ள இருக்கறதும் படுத்துத்தான் கிடக்கு. யாரு முதல்ல எழுந்திரிக்கறாங்கன்னு பார்த்துடறேன்."

லாரி கிளம்பியதும் பிள்ளை வீறிட்டது. இந்தத் தடவை புருல்கான் திரும்பிப் பார்த்தாள். வளைவில் லாரி மறையும்வரை பார்த்துவிட்டு, உள்ளே போய் ஜிபரிடம் கையை நீட்டினாள்.