ஒரு ஃபேன் ஓடலாம்

அப்பா சித்திரை வெயிலில், ஒரு மத்தியானம் இறந்தார். துபாயில் இருக்கும் தம்பி மறுநாள்தான் வந்து சேர முடியும் என்றான். அதுவரை உடம்பு கெடக்கூடாது, முகம் மாறக்கூடாது. எல்லோருக்கும் அது ஒன்றே கவலை. காரைக்காலிலிருந்து ஐஸ் பெட்டி வாடகைக்கு வந்தது.

சுரக்குடியில் எங்களுடையது வயல் ஓரத்துக் கடைசி வீடு. கரண்ட் கம்பம் வெகு தூரம். அங்கிருந்து அப்பா சிக்கனம் பார்த்து, கிடைத்ததிலேயே மெல்லிய கம்பியை வாங்கி இழுத்திருந்தார். மாற்றச் சொல்லி நான் சண்டையே போட்டிருக்கிறேன். "வெளக்கு எரியுதுல்ல?" என்பார், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். தம்பி போன முறை வந்தபோது கூடத்தில் நாலு ஃபேன் மாட்டிவிட்டுப் போனான். அவன் ஊருக்குப் போன மறுநாளிலிருந்து அவை சும்மா தொங்கின. அம்மா அடுப்படியிலிருந்து வேர்த்து வந்து ஒன்றைப் போட்டால், அப்பா எழுந்து போய் அணைப்பார்.

அன்றைக்குக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நாலு ஃபேனும் ஓடின, எல்லா விளக்கும் எரிந்தன. பெட்டியின் ப்ளக்கைச் செருகியதும் கம்ப்ரசர் முனகியது, பிறகு அடங்கிவிட்டது. திரும்பத் திரும்ப அதேதான். கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கரண்டை நிறைய இழுக்கும், நூற்றறுபது வோல்ட்டுக்குக் கீழே போனால் கிளம்பாது என்று பெட்டிக்காரர் சொன்னார். அவரிடம் மீட்டர் இருந்தது. நான் வாங்கிப் பார்த்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவள். செத்த வீட்டில் கணக்குப் போடுவது அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுவதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது. எல்லாவற்றையும் அணைத்தால் நூற்றெண்பத்திரண்டு வோல்ட், கம்பத்துக்கு வருவதே அவ்வளவுதான். எல்லாம் ஓட, பெட்டியும் கிளம்பப் பார்க்கும்போது பன்னிரண்டு ஆம்பியர், நூற்றைம்பத்திரண்டு வோல்ட். முப்பது வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. முப்பதைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை ஓம். அதுதான் அப்பாவின் கம்பியுடைய மின்தடை. மின்னோட்டத்தின் வர்க்கத்தை அதனால் பெருக்கினால் முந்நூற்றறுபது வாட். ஐந்து ஃபேன் ஓடுகிற திறன், யாருக்கும் உதவாமல் கம்பியைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அவர் மிச்சம் பிடித்த லட்சணம் அது. உயிரோடு இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன்.

எல்லாவற்றையும் அணைத்தோம். பெட்டி மட்டும் தனியே எட்டு ஆம்பியர் இழுத்துக் கிளம்பியது. எட்டுக்கு இருபது வோல்ட் போக, நூற்றறுபத்திரண்டு நின்றது. கம்ப்ரசர் ஓடியது. கண்ணாடிக்குள் அப்பா குளிரத் தொடங்கினார். வெளியே நாங்கள் வெந்தோம்.

அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள், புடவை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் மறுபடி கணக்குப் போட்டேன். ஒரு ஃபேன் எழுபத்தைந்து வாட், அரை ஆம்பியர்கூட இல்லை. ஒரே ஒரு வோல்ட்தான் குறையும். ஒன்று ஓடலாம், நாலும் ஓடினால் பெட்டி நின்றுவிடும். அம்மாவுக்கு நேர் மேலே இருந்ததை மட்டும் போடுகிறேன் என்றேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, சுவிட்சுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஏட்டுச் சுரைக்கா கறிக்கு உதவாது. எங்கண்ணன் மொகம் புள்ளைக்குத் தெரிய வேணாமா?"

பிள்ளை என்றால் தம்பி. நான் பார்த்த முகம் கணக்கில் சேராது. எனக்கு வந்த கோபத்தில் அவளைத் தள்ளிவிட்டே போட்டிருப்பேன். அம்மாதான் என் கையைப் பிடித்தாள்.

"வேணாம் பாப்பா. இருந்தப்பயும் போட விடல. இன்னும் ஒருநாள்தானே."

பனையோலை விசிறி ஒன்றை எடுத்துவந்து அவளுக்கு வீசினேன். பாதியில் அதையும் வாங்கிக் கீழே வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் அவள் உதடு வெளுத்திருந்தது, எழுந்து நிற்கச் சுவரைப் பிடித்தாள். இன்னொரு சாவு விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. கம்ப்ரசர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அத்தை கும்பிட்டாள்.

உச்சி வெயிலில் தம்பி வந்தான். பெட்டிமேல் விழுந்து அழுதான். அப்பாவின் முகம் கெடவில்லை, தூங்குகிற மாதிரியே இருந்தது. அழுது ஓய்ந்து நிமிர்ந்தவன் அம்மாவைப் பார்த்தான், அப்புறம் தலைக்கு மேலே பார்த்தான்.

"இந்த வேக்காட்டுல அம்மாவுக்கு ஒரு ஃபேன் போட யாருக்கும் தோணலியா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய் நாலு சுவிட்சையும் தட்டிவிட்டான். திரும்பி வந்து பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்தான். காற்று வந்ததும் கூடம் மொத்தமும் மூச்சு விட்டது. சற்று நேரத்தில் பெட்டி முனகியது, அடங்கியது. இந்த முறை அத்தை சுவிட்சுக்கு முன்னால் போய் நிற்கவில்லை. பிள்ளைதான் முகத்தைப் பார்த்தாயிற்றே.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். சுவிட்ச் போர்டு வரைக்கும் போனாள்.

"அவர இன்னும் தூக்கல தம்பி. ஒண்ணு ஓடலாம்னு அக்கா கணக்குப் போட்டு வச்சிருக்கு."

மூன்று சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். பெட்டி மறுபடி கிளம்பியது. அவள் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலிருந்த ஃபேன் மெதுவாகச் சுற்றி நின்றது. ஓடிக்கொண்டிருந்த ஒன்று தம்பிக்கு மேலே இருந்தது.