இன்னும் ஏழு மாதம் இந்தச் சுவர் நிற்குமா?

இன்று காலை கண் விழித்ததும், பல் கூடத் துலக்காமல், அறைச் சுவரிடம் போய் நின்றேன்.

விரிசலின் குறுக்கே கொத்தனார் சிமென்ட் வைத்து ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டு இரண்டாக உடைந்திருந்தது!

"கண்ணாடி ஒடஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். அன்னிக்கே கெளம்பிடணும் டீச்சரம்மா" என்று போன வாரமே சொல்லியிருந்தார்.

கிளம்பலாம். ஆனால் வீடு போய்விடும்.

பிள்ளையில்லாத என் அத்தை, பத்திரம் எழுதும் நொத்தேர் முன்னால் எழுதிவைத்த உயில் அப்படி. பத்து வருடம் நான் இங்கேயே குடியிருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் வேறிடத்தில் படுத்தெழுந்தாலும் வீடு அவருடைய கொழுந்தன் மகன் செல்வத்துக்கு.

(எந்தக் கல்யாண வீட்டிலும் நான் தங்காததற்குக் காரணம் திமிர் இல்லை!)

எண்பத்து நான்கு ஜூன் வந்தால் பத்து வருடம் முடியும். இன்னும் ஏழு மாதம்.

ஓடிப்போய்க் கொத்தனாரை அழைத்து வந்தேன்.

"முட்டுக் கொடுத்தா தாங்காதா?"

"இது சாஞ்சா மாடியே எறங்கிடும்மா. ரேடியோவுல வேற புயலுன்றான். வூடு முக்கியமா, உசுரு முக்கியமா?"

அவர் வெளியே போக, செல்வம் உள்ளே வந்தான்.

"அக்கா, மழ வுடுற வரைக்கும் நம்ம வூட்டுல வந்து இருங்க. நான் என்னா அந்நியமா?"

"யோசிச்சிச் சொல்றேன் தம்பி."

"இதுல என்னாக்கா யோசன? வண்டி வாசல்லயே நிக்கிது!"

(என்ன ஒரு பாசம்!)

சிரிப்பு வந்தது.

"நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். எல்லாம் மகளுக்காகத்தான். அப்பா இல்லாத பெண். பத்தாவது படிக்கிறாள். அவளுக்கென்று ஒரு வீடாவது இருக்கட்டுமே.

உள்ளே போனேன். சுவரோரம் இருந்த புத்தகங்களை எல்லாம் அவள் எடுத்து வேறு இடத்தில் அடுக்கியிருந்தாள். அவள் பாய் மட்டும் சுவரடியிலேயே கிடந்தது.

"புஸ்தகத்த ஏண்டி மாத்துன?"

"சுவரு வுழுந்தா வீணாப் பூடும்மா."

"அப்ப நீ?"

"நீ எங்கயோ அங்கதான நானு" என்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டேன். மாலை அவள் வந்ததும் கோரிமேட்டிலுள்ள என் தோழி வீட்டுக்கு பஸ் ஏறுகிறோம். மகளுக்கே இன்னும் சொல்லவில்லை.

செல்வத்தின் வண்டி இன்னும் வாசலில்தான் நிற்கிறது. நாங்கள் பின்வாசல் வழியாகப் போவோம்.